எலியம்மாவும் சிவப்பு அட்டைகளும்

எலியம்மாவுக்கு எலி என்றால் பயம். எங்கள் கட்டடத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பன்னிரண்டு வருடமாக எலிகளுக்குத் தீனி போட்டு, தண்ணீர் புட்டி மாற்றி, கூண்டு கழுவியவள் அவள். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நடந்தது எனக்குத் தெரியும். கூண்டின் மூடியைத் திறந்திருக்கிறாள். உள்ளே இருந்த வெள்ளை எலி முன்னங்காலைத் தூக்கி நின்று பார்த்திருக்கிறது. இவள் அலறிக்கொண்டு என் பட்டறைக்குள் ஓடிவந்து ஸ்டூலின் மேல் ஏறிக்கொண்டாள்.

"அண்ணா, அது என்னையே பாக்குது!"

"பின்ன, சோறு போடுறவளைப் பாக்காம சுவரையா பாக்கும்? எறங்கு கீழ. அந்த ஸ்டூலுக்கு மூணு கால்தான் உறுதி."

நான் அந்த ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பழுது பார்ப்பவன். வாய்த்துடுக்கு, முன்கோபி என்று பெயர் எடுத்தவன், இரண்டும் உண்மை. எலியம்மாவைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்றால், அவளை ஒரு காரியத்தில் பிடித்துத் தள்ளிவிட்டது நான்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

அவள் எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். லிஃப்டுக்குப் பயம், முத்திரை குத்திய உறைக்குப் பயம், தொலைபேசி நாலு முறைக்கு மேல் அடித்தால் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உன் கண்ணுக்கு டியூப் லைட் வெளிச்சத்திலும் பேய் தெரியும் என்று கேலி செய்வேன். சிரிப்பாள். சிரித்து முடித்ததும், "நெஜமாவே ஏதாச்சும் லெட்டர் வந்திருக்கா அண்ணா?" என்று கேட்பாள். பன்னிரண்டு வருடமும் அவள் தற்காலிகப் பணியாளர். வருடக் கடைசியில் நீட்டிப்பு ஆணை வரும், அல்லது வராது. அவளை நிரந்தரம் செய்யும் கோப்பு எங்கள் கூடத்தின் தலைவரான பேராசிரியரின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. கணவர் லாரி ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விபத்தில் பிழைத்தார். உடம்பு தேறிவிட்டது, ஆனால் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. தெருவில் எவனாவது பிரேக்கைக் கிறீச்சென்று போட்டால் போதும், சாப்பிடுகிற கை பாதியில் நின்றுவிடும்.

எங்கள் கூடத்தில் நடந்த ஆராய்ச்சியும் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்று நாம் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆய்வுக்காரர்கள் விடமாட்டார்கள். எத்தனை சூடு பட்டால் போகாது, அடுப்பு அணைந்த பிறகும் எத்தனை நாள் போகாது, மருந்து கொடுத்தால் போகுமா என்று எண்ணிப் பார்த்தால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். அதில் தப்பில்லை. அவள் கணவருக்கு ஒரு மருந்து வர வேண்டுமென்றால் யாராவது எண்ணத்தான் வேண்டும்.

எண்ணியது ஓர் ஆய்வு மாணவி. மொத்தம் நாற்பது எலிகள். இருபது கூண்டுகளில் சிவப்பு அட்டை, இருபதில் வெள்ளை. நான் செய்து கொடுத்த பெட்டிக்குள் ஒவ்வொன்றாக வைத்து, பத்து நொடி ஓர் ஒலி கேட்கவைப்பார்கள். வெள்ளை அட்டைக்கு அதோடு சரி. சிவப்பு அட்டைக்கு ஒலி முடியும் தருணத்தில் காலடிக் கம்பிகளில் அரை நொடி ஷாக். சில நாளில் அந்த ஒலி கேட்டாலே எலி கல்லாய் உறைந்து நிற்கும். எத்தனை நொடி உறைந்தது என்று கேமராப் பதிவைப் பார்த்து அந்தப் பெண் குறித்துக்கொள்வாள். அதன் பிறகு மருந்து. மருந்து கொடுக்கும் நாட்களில் ஷாக் கிடையாது, ஒலி மட்டும்தான். உறைவது குறைகிறதா என்று பார்ப்பார்கள்.

ஷாக்கின் அளவைத் தினமும் காலையில் என் உள்ளங்கையை வைத்துச் சோதிப்பேன். ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். இது ஒரு வலியா என்று ஆரம்பத்தில் நினைத்தேன். எப்போது வரும் என்பது எனக்குத் தெரியும், பொத்தான் என் இன்னொரு கையில் இருக்கிறது என்பது புத்தியில் உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது.

எலி அறைக்கும் சோதனை அறைக்கும் நடுவே ஒரு நீளத் தாழ்வாரம். எலிகளைக் கையில் ஏந்திக்கொண்டு போவது எலியம்மாவின் வேலை. எண்ணுகிற பெண்ணுக்கு அட்டையின் நிறம் தெரியக்கூடாது; தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும் என்பது விதி. தூக்குகிறவளுக்கு நிறம் தெரிந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கூண்டு மாறிப்போகும். அறிக்கையில் இந்தப் பகுதி ஒரே வரி: 'விலங்குகள் சோதனை அறைக்குக் கொண்டுவரப்பட்டன.' யார் கொண்டுவந்தது, எப்படிக் கொண்டுவந்தது, ஒன்றும் இல்லை. என்னமோ தாமாகவே நடந்துவந்த மாதிரி.

எப்படி என்று நான் சொல்கிறேன். வெள்ளை அட்டையைத் தூக்கினால் நேரே போய் வைத்துவிட்டு வருவாள். சிவப்பு அட்டை என்றால் அவளுக்கு மனசு கேட்காது. மார்போடு அணைத்து, இரண்டு காதுக்கும் நடுவே ஒரு விரலால் வருடிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இப்ப முடிஞ்சிரும்" என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டே போவாள். எலியைக் கண்டு ஸ்டூல் மேல் ஏறியவள் இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று மாதம் தினமும் அதைக் கேட்டேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானாலும் எலிக்குப் பசிக்கும். ஒரு ஞாயிறு அவள் தீனி போட வந்திருந்தாள். விளக்கை நேரத்துக்கு அணைக்கும் கருவி கெட்டுப்போனதால் நானும் வந்திருந்தேன். எலி அறையிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம், பிறகு அவள் குரல்.

"அண்ணா, கொஞ்சம் வாங்களேன். சத்தம் போடாம வாங்க."

எலி அறை ஒருபோதும் சும்மா இருக்காது. கொறிக்கிற சத்தம், மரத்தூளைக் கிளறுகிற சத்தம், தண்ணீர்க் குழாயின் நுனியை நக்குகிற டிக் டிக். வலப்பக்க அலமாரியில் அதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் பேச்சு மூச்சில்லை. இருபது கூண்டு, இருபது எலி, எல்லாம் முதுகைக் கூனிக்கொண்டு, மீசைகூட அசையாமல். இடப்பக்க அலமாரி சிவப்பு அட்டைகளுடையது. அவள் கையில் இருந்த எலி கண் திறந்தபடியே விறைத்திருந்தது. செத்துவிட்டதென்றுதான் நினைத்தேன். விலா மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

"மூடிக் கம்பியில நகம் மாட்டிக்கிட்டு கத்திச்சு அண்ணா. எடுத்துவிட்டுட்டு, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னேன்."

அந்தச் சொல் மறுபடி காதில் விழுந்ததும் கையில் இருந்த எலி அவள் மணிக்கட்டில் சிறுநீர் விட்டது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பெட்டியும் இல்ல, பீப்பும் இல்ல. இதுங்க பயந்து நிக்கிறது என்னைக் கண்டுதானே அண்ணா?"

ஷாக் வருவதற்கு முன்னால் பத்து நொடி ஒலி மட்டும்தான் வந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அதற்கும் முன்னால், தாழ்வாரம் முழுக்க, இவள் ஆறுதல் வந்திருக்கிறது. ஷாக் இல்லாத எலிக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஷாக் வரப்போகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மணியை அடித்துக் காட்டியிருக்க முடியும்?

அப்புறம் இன்னொன்று தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

"மருந்து குடுத்த நாள்ல இதைச் சொன்னியா?"

"இல்லையே. அன்னிக்குத்தான் ஷாக் கிடையாதே, எதுக்குச் சொல்லணும்?"

மருந்து கொடுத்த நாட்களில் எலிகள் முன்பு உறைந்ததில் பாதி நேரம்கூட உறையவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். மருந்து செய்த வேலையா, இவள் வாயை மூடிக்கொண்டிருந்ததால் நடந்ததா, இனிச் சொல்ல வழியில்லை. மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர் கொடுத்து ஒப்பிட ஒரு குழு வைத்திருந்தால் தெரிந்திருக்கும். உயிர்களை முடிந்த மட்டும் குறைவாக எடு என்பது விதி. நல்ல விதிதான். அந்தச் சிக்கனத்தில் வெட்டுப்பட்டுப் போனது அந்தக் குழு.

மறுநாள் முகம் வெளிறி வந்தாள். முந்தின நாள் சாயங்காலம் தெருவில் ஒரு வண்டி பிரேக் போட்டிருக்கிறது, கணவரின் கை பாதியில் நின்றிருக்கிறது, இவள் வழக்கம்போல முதுகைத் தடவி, "ஒண்ணுமில்லங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் தோள்பட்டை இன்னும் இறுகியிருக்கிறது.

"பிரேக்குக்குப் பயந்தாரா, நான் சொன்னதுக்குப் பயந்தாரான்னு தெரியலண்ணா. மூணு வருஷமா சொல்றேன். ராத்திரி பூரா அவர் பக்கம் திரும்பாமப் படுத்திருந்தேன்."

"மனுசன் வேற, எலி வேற" என்றேன். சொல்லும்போதே, எலியை வைத்துத்தானே மனுசனுக்கு மருந்து தேடுகிறோம் என்று எனக்கே பட்டது. அவளுக்கும் பட்டிருக்கும்.

அந்த மாதமே மதிப்பீட்டுக் குழு வருவதாக அறிவிப்பு வந்தது. ஆராய்ச்சி சரியாக நடந்ததா, விலங்குகள் பட்ட பாட்டுக்குத் தக்க பலன் உண்டா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அவர்கள் சரி என்றால் மருந்து அடுத்தபடியாக மனிதர்களுக்குப் போகும்.

"சொல்லிடு" என்றேன்.

"என்னோட ஃபைல் பேராசிரியர் மேசையில இருக்குண்ணா."

"பூனைக்கு யாராவது ஒருத்தர் மணி கட்டித்தானே ஆகணும்?"

"நீங்க கட்டுங்களேன்."

சுருக்கென்றது. நான் நிரந்தரப் பணியாளன், ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது, என்னை யாரும் அசைத்திருக்க முடியாது. இருந்தும் வாய் வரவில்லை. "உன் வாயால வந்தாத்தான் எடுபடும்" என்று சமாளித்தேன். ஊருக்குத்தான் உபதேசம். அவள், "பொய் மருந்தா இருந்தா, அதை நம்பி எங்க வீட்டுக்காரர் மறுபடி லாரியில ஏறிட்டா?" என்றாள். அதை என்னிடம் கேட்கவில்லை, தன்னிடமே கேட்டுக்கொண்டாள்.

குழுவில் ஐந்து பேர். பேசியது இரண்டு பேர்தான்: ஒரு கால்நடை மருத்துவர், ஆராய்ச்சி தெரியாத வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதிப்படி வந்த ஒரு பெண் வழக்கறிஞர். பேராசிரியர் முன்கூட்டியே எலியம்மாவிடம், "கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. கேக்க மாட்டாங்க" என்று சொல்லியிருந்தார். மருத்துவர் பெட்டியைப் பார்த்தார், கம்பிகளைத் தொட்டார், பதிவேட்டைப் புரட்டினார். அந்த ஒரு வரியில் விரலை வைத்தார்.

"கொண்டுவரப்பட்டனன்னு போட்டிருக்கு. யாரு கொண்டுவர்றது?"

எலியம்மா சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை முறுக்கிய விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. பேராசிரியர் அவளைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றாள்.

"எந்தச் சிக்கலும் இல்லையே?"

இல்லை என்று சொன்னால் முடிந்தது. அவர்கள் டீ குடிக்கப் போவார்கள், ஃபைலில் கையெழுத்து விழும். சொல்லாதே தாயே, போதும் என்று அந்த நிமிடம் நான்கூட வேண்டிக்கொண்டேன்.

"ஒண்ணு இருக்குங்க. வந்து பாருங்க" என்று சொல்லி எலி அறைக்கு நடந்தாள். எல்லோரும் பின்னால் போனோம். அலமாரிகளுக்கு நடுவே நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, அந்த வார்த்தைகளைச் சொன்னாள். குரல் உடைந்தது, ஆனாலும் போதுமானதாக இருந்தது. இடப்பக்கம் சட்டென்று அடங்கியது. வலப்பக்கத்தில் ஒரு எலி தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது.

வழக்கறிஞர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆய்வு மாணவி பதிவேட்டை அணைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் மூணு வருஷம்" என்றாள், அவ்வளவுதான். எலியம்மா அவள் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்ல வந்தாள். என்ன சொல்ல வந்தாளோ, பயந்து நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பெண்ணைச் சும்மா சொல்லக்கூடாது. மறுநாள் பட்டறைக்கு வந்து எலியம்மாவிடம், "உங்க மேல கோபமில்லக்கா. நான் ஒரு தடவையாவது உங்ககூட அந்தத் தாழ்வாரத்துல நடந்து பாத்திருக்கணும்" என்றாள்.

குழுவின் முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. முத்திரை குத்திய உறை. முடிவுகள் செல்லாது. ஆராய்ச்சியைப் புதிதாக நாற்பது எலிகளைக் கொண்டு மறுபடி செய்ய வேண்டும். சிவப்பில் பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். எந்த எலி எந்தக் குழு என்பது தூக்குகிறவருக்கும் தெரியக்கூடாது. எண்களை வைத்துக் கணினியே பார்த்துக்கொள்ளும். தூக்குகிறவர் பேசக்கூடாது. வழக்கறிஞர் மட்டும் எதிர்ப்பை எழுதிவைத்திருந்தார்: நாற்பது உயிர் வீணானதற்கு ஈடு இன்னும் நாற்பது உயிரா? மருத்துவர் அதற்குக் கீழே எழுதியிருந்தார்: இத்தோடு நிறுத்தினால் முதல் நாற்பதும் பட்டது எதற்காக? இரண்டையும் பலமுறை படித்தேன். இரண்டுமே சரியாக இருந்ததில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவள் என் பட்டறையில் உட்கார்ந்து அழுதாள்.

"நான் வாயைத் தொறக்காம இருந்திருந்தா இந்தப் புது நாப்பதும் தப்பிச்சிருக்கும் இல்லண்ணா?"

சொல்லு சொல்லு என்று குத்தியவன் நான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது.

முதல் நாற்பதை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு முறை பயன்படுத்தியவற்றை ஊசி போட்டு முடித்துவிடுவது விதி. மருத்துவரே வந்து போட்டார், வலிக்காமல் போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தூக்கிக்கொண்டு போனது எலியம்மா. அன்று நான் தாழ்வாரத்தில் நின்றேன். நாற்பது முறை போனாள், வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக் கடித்திருந்தாள். ஒரு எலிகூட அவள் கையில் உறையவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்றே நானும் நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் ஃபைலில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். கூடவே ஒன்று சொன்னாராம்: "உங்களுக்கு இனிமே இந்த வேலை வேண்டாம். நூலகத்துல ஒரு இடம் இருக்கு. புத்தகம் அடுக்கணும், அவ்வளவுதான். திங்கக்கிழமை அங்க போயிடுங்க."

ஓடிவந்து சொன்னாள். எனக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. புத்தகம் யாரைக் கண்டும் பயப்படாது, போய்ச் சேர் என்றேன். அவள் ஆணையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போனா புதுசா ஒருத்தர் வருவாங்க இல்லண்ணா?"

"வரட்டுமே."

"எது ஷாக் வாங்குதுன்னு நாலு நாள்ல கைக்கே தெரிஞ்சிரும், அவங்களுக்கும் மனசு கேக்காது. பேசக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருப்பாங்க, தடவிக் குடுப்பாங்க. இல்ல, மூச்சை இழுத்து விடுவாங்க. எலிக்கு அது போதும். அப்புறம் அதுவும் செல்லாதும்பாங்க. அதுக்கப்புறம் இன்னொரு நாப்பது."

"அதுக்கு நீ என்ன பண்ண முடியும்?"

"எனக்குத் தெரியும்ண்ணா, எதைப் பண்ணக்கூடாதுன்னு. வேற யாருக்கும் தெரியாது."

"பயமா இல்லையா உனக்கு?"

"கை காலெல்லாம் நடுங்குது" என்று சொல்லிவிட்டு, நூலகம் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கப் போனாள். லிஃப்டில் ஏறப் பயந்து, நாலு மாடியும் படியேறித்தான் போனாள்.

திங்கட்கிழமை காலை உள்ளங்கையை வைத்துக் கம்பிகளைச் சோதித்தேன். கூண்டுகளில் இப்போது நிறம் இல்லை, எண்கள் மட்டும். ஒன்றாம் எண்ணைத் தூக்கிக்கொண்டு எலியம்மா தாழ்வாரத்தில் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. நடை சீராக இருந்தது, விரல் அசையவில்லை, மூச்சுகூட அளந்துவிட்ட மாதிரி. பெட்டிக்குள் வைத்தாள், கதவை மூடினாள், என் பட்டறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே ஒலி தொடங்கியது. அதன் முடிவில் ஷாக் உண்டா இல்லையா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருவரும் பத்து நொடியை எண்ணினோம்.

கீச்சென்றது.

"வர்ற வழியில என் கையிலயே கண்ணை மூடித் தூங்கிடுச்சு அண்ணா" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் முப்பத்தொன்பது இருந்தன.